வாட்ச் கட்டின கைப் பக்கம்

சலூன்காரர்: ஐயையோ, கையை எடுங்கக்கா! கத்தரியை அப்படியே மேசை மேல வைங்க. வச்சுட்டு ரெண்டடி பின்னாடி போங்க.

டெய்லரம்மா: வச்சுட்டேன் தம்பி. அவ்வளவு மோசமாவா இருக்கு?

சலூன்காரர்: போனைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்க... சார் பிடரியைக் காட்டுங்க... ம்ம்.

ரிசப்ஷன்காரர்: என்ன தலைவரே, டாக்டர் மாதிரி ம்ம் போடுறீங்க?

சலூன்காரர்: ஒண்ணுமில்ல சார். பின்னாடி மாடிப்படி மாதிரி இருக்கு. மூணு படி.

ரிசப்ஷன்காரர்: மூணு படியா!

டெய்லரம்மா: ரெண்டுதான். மூணாவது உங்க தலையிலேயே இருந்த பள்ளம்.

சலூன்காரர்: அக்கா, அது என்ன கத்தரி? இவ்வளவு பெருசா இருக்கு?

டெய்லரம்மா: என் கத்தரிதான். துணி வெட்டுறது.

சலூன்காரர்: துணிக் கத்தரியை வச்சா தலையில கை வச்சீங்க?

டெய்லரம்மா: இருபது வருஷமா ஊர்ல உள்ளவங்க சட்டை பேண்ட்டெல்லாம் வெட்டித் தைக்கிறவ நான். வழுக்கி ஓடுற துணியைக்கூட ஒரு நூல் பிசகாம வெட்டுவேன். முடி என்ன பெரிய முடின்னு நினைச்சேன்.

சலூன்காரர்: துணி மேசை மேல சும்மா படுத்துக் கிடக்கும்க்கா. தலை ஆடும்ல?

டெய்லரம்மா: தலை மட்டுமா ஆடுச்சு? வாயும்ல ஆடுச்சு! பாத்து, பாத்து, பாத்துன்னு... அந்தப் பாத்துவுல ஒண்ணு, இந்தப் பாத்துவுல ஒண்ணு. அதான் ரெண்டு படி.

ரிசப்ஷன்காரர்: சரி, பழி என் மேலயே இருக்கட்டும். தலைவரே, இன்னைக்கு மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. வீடியோல. ஊரடங்குன்னு உங்க கடை பூட்டினதுலேருந்து முடி வெட்டலை. நேத்து கண்ணாடியில பாத்தேன், ஏதோ சாமியார் ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி இருந்துச்சு.

சலூன்காரர்: ஐயோ சார், இன்டர்வியூவா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

ரிசப்ஷன்காரர்: சொன்னா மட்டும்? நீங்க வெளிய வர முடியாது, நான் வெளிய வர முடியாது. தெரு முனையில கம்பைக் கட்டி வச்சு, மருந்துக் கடைக்கு மட்டும்தான் விடுறாங்க.

டெய்லரம்மா: பதினஞ்சு வருஷம் ஓட்டல் ரிசப்ஷன்ல நின்ன மனுஷன் தம்பி. கலைஞ்ச தலையோட ஒரு நாள் நின்னதில்ல.

சலூன்காரர்: எனக்குத் தெரியாதாக்கா? மாசம் ரெண்டு தடவை சார் தலை என் கையிலதானே இருந்துச்சு. ஓட்டல் என்னாச்சு சார்?

ரிசப்ஷன்காரர்: என்னாகும்? முதல்ல பாதிச் சம்பளம்னாங்க. அப்புறம் கூப்பிடுறப்போ வாங்கன்னாங்க. கூப்பிடவே இல்ல. போன வாரம் அந்தப் பக்கமா மருந்து வாங்கப் போனேன், கட்டடமே விலைக்குன்னு பலகை தொங்குது.

சலூன்காரர்: அடப்பாவமே...

ரிசப்ஷன்காரர்: உங்க கடை?

சலூன்காரர்: கடைக்கென்ன சார்... இருக்கு. திறக்கச் சொன்ன அன்னைக்குப் பாருங்க, ஊரே தலையைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கும்.

டெய்லரம்மா: எனக்கும் அப்படித்தான் தம்பி. எல்லாரும் வீட்டுல உக்காந்து தின்னு தின்னு இடுப்பு பெருத்துக் கிடக்காங்க. வேலைக்குப் போகச் சொன்ன அன்னைக்கு ஊர்ல ஒரு பேண்ட்டு ஏறாது. பிரிச்சுத் தைக்க என்கிட்டதான் வரணும்.

ரிசப்ஷன்காரர்: அது வரைக்கும் என் தலை இப்படியே இருக்கணுமா? நேரம் ஓடுதுப்பா!

சலூன்காரர்: இருங்க சார், பதறாதீங்க. அக்கா, சின்னக் கத்தரி ஏதாவது இருக்கா?

டெய்லரம்மா: நூல் நறுக்குறது ஒண்ணு இருக்கு. நல்ல கூரு.

சலூன்காரர்: அது போதும். சீப்பு?

டெய்லரம்மா: இருக்கு. தாடி மழிக்கிற மெஷினும் இருக்கு.

சலூன்காரர்: அருமை. மெஷினைத் தனியா வைங்க, நான் சொல்ற வரைக்கும் தொடக் கூடாது. போனை அலமாரித் தட்டுல நிக்க வைங்க. சார் போனைப் பாத்த மாதிரி உக்காரட்டும். நீங்க அவரு பின்னாடி... அங்கதான். சார், முழங்கையைக் கீழ போடுங்க. எதுக்கு இப்படி விறைச்சுக்கிட்டு இருக்கீங்க?

ரிசப்ஷன்காரர்: கத்தரி யாரு கையில இருக்குன்னு பாத்தீங்கல்ல?

டெய்லரம்மா: கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் பயம் வருதாக்கும்.

சலூன்காரர்: ஒரு விஷயம்க்கா, நல்லாக் கேட்டுக்கங்க. நான் இடது, வலதுன்னு சொல்ல மாட்டேன். சொன்னா குழம்பிடும். சார் வாட்ச் கட்டியிருக்காருல்ல? வாட்ச் கட்டின கைப் பக்கம், வெறும் கைப் பக்கம். அவ்வளவுதான் கணக்கு.

டெய்லரம்மா: எதுக்கு அப்படி? இடதுன்னா இடதுதானே.

சலூன்காரர்: இல்லக்கா. நான் கண்ணாடியைப் பாத்தே வேலை செஞ்சு பழகினவன். ஆளுக்குப் பின்னாடி நின்னு கண்ணாடியில பாக்குறப்போ, அவரு இடது எனக்கும் இடதுதான். இப்போ போன்ல அவரு எனக்கு நேரெதிரே உக்காந்திருக்காரு. எல்லாம் மாறித் தெரியும். வாய் பழக்கத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு வைங்க, போச்சு.

ரிசப்ஷன்காரர்: பாத்தியா? தொழில் தெரிஞ்சவங்க பேச்சே தனி.

டெய்லரம்மா: தலையை ஆட்டாதீங்க! நாலாவது படி வந்துடும்.

சலூன்காரர்: வாட்ச் கைப் பக்கத்துலேருந்து ஆரம்பிங்கக்கா. சீப்பால முடியைத் தூக்குங்க... இன்னும் கொஞ்சம். சீப்புக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதை மட்டும் வெட்டுங்க. சீப்புதான் உங்களுக்கு அளவு.

டெய்லரம்மா: அட, இப்படிச் சொன்னா புரியுதே! தையல் போட ஓரத்துல இடம் விட்டு வெட்டுற மாதிரி.

சலூன்காரர்: அதேதான். சறுக்... சறுக்... ஆங், கை நல்லா வருதே உங்களுக்கு. கிருதாவைத் தொடாதீங்க, அது அப்புறம்.

ரிசப்ஷன்காரர்: காதுக்குப் பக்கத்துல சத்தம் கேக்குறப்போ தூக்கம் வருது தலைவரே. உங்க கடையில வர்ற மாதிரியே.

சலூன்காரர்: என் கடையில நீங்க தூங்காத நாள் ஏது சார்?

டெய்லரம்மா: தூங்கினது போதும். கேள்வி கேக்குறேன், பதில் சொல்லுங்க. நேத்தெல்லாம் திணறினீங்களே. "ஓட்டல்ல இருந்தவரு நீங்க. ஆஸ்பத்திரியில வந்து என்ன பண்ணுவீங்க?"

ரிசப்ஷன்காரர்: இப்பவேவா? ம்... "ஓட்டலுக்கு வர்றவங்க சிரிச்சுக்கிட்டே வருவாங்க மேடம். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பயந்துக்கிட்டே வருவாங்க. ஆனா ரெண்டு பேரும் முதல்ல பாக்குறது வாசல்ல நிக்குற ஆளு மூஞ்சியைத்தான்."

டெய்லரம்மா: இது தேவலை. நேத்து சொன்னதைவிட நல்லா இருக்கு.

சலூன்காரர்: ஆஸ்பத்திரியிலயா சார் வேலை?

ரிசப்ஷன்காரர்: ஆமா தலைவரே. வாசல்ல இருக்கணும். வர்றவங்களை விசாரிச்சு, காய்ச்சல் பாத்து, எங்க போகணும்னு சொல்லி அனுப்பணும். நிரந்தர வேலை. இந்த நேரத்துல நிரந்தரம்னு ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

சலூன்காரர்: ...எந்த ஆஸ்பத்திரி சார்?

ரிசப்ஷன்காரர்: மேம்பாலத்துக்குக் கீழ புதுசா கட்டியிருக்காங்களே, அதுதான். முன்ன என்ன தொழில் பாத்திருந்தாலும் பரவாயில்ல, மனுஷங்ககிட்ட பழகத் தெரிஞ்சா போதும்னு போட்டிருந்தாங்க. ஏகப்பட்ட பேரு எழுதிப் போட்டாங்களாம். கடைசியா ரெண்டே ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்காங்க. நான் ஒருத்தன், இன்னொருத்தன் யாரோ.

டெய்லரம்மா: இருக்குறது ஒரே இடம் தம்பி. அந்த இன்னொருத்தன் எவனா இருந்தாலும் சரி, அவன் பேசுற நேரம் பாத்து அவன் வீட்டுல கரண்ட்டு போகட்டும்.

ரிசப்ஷன்காரர்: ஏய், என்ன பேச்சு இது? அவனும் வேலையில்லாதவன்தானே.

டெய்லரம்மா: சும்மா ஒரு அரை மணி நேரம்தான் போகட்டும்னேன். அப்புறம் நல்லா எரியட்டும்... தம்பி? சத்தத்தையே காணோம்? லைன்ல இருக்கீங்களா?

சலூன்காரர்: இருக்கேன்க்கா. சிக்னல் விட்டு விட்டு வருது.

ரிசப்ஷன்காரர்: நீங்களும் ஒரு கேள்வி கேளுங்க தலைவரே. உங்களுக்கு மனுஷங்களைத் தெரியும்.

சலூன்காரர்: நான் என்ன சார் கேக்குறது... "முன்னப்பின்ன தெரியாதவங்க உங்களை எப்படி நம்புவாங்க?" இதைக் கேட்டாலும் கேப்பாங்க.

ரிசப்ஷன்காரர்: அட, ஆமா. இதுக்கு என்ன சொல்றது?

சலூன்காரர்: நான்னா... "என்கிட்ட வர்றவங்க கண்ணை மூடிக்கிட்டு கழுத்தைக் காட்டுறாங்க மேடம். என் கையில கத்தி இருக்குன்னு தெரிஞ்சேதான் காட்டுறாங்க. அந்த நம்பிக்கையை ஒரு நாளும் நான் கெடுத்ததில்ல"ன்னு...

டெய்லரம்மா: பிரமாதமா பேசுறீங்களே தம்பி! நேத்து பூரா உக்காந்து எழுதிப் பாத்த மாதிரி இருக்கு. பேசாம நீங்களே போகலாம் போல.

சலூன்காரர்: ...சும்மா வாய்க்கு வந்துச்சுக்கா.

ரிசப்ஷன்காரர்: இதை நான் சொல்ல முடியாதே. என் கையில ரூம் சாவிதானே இருந்துச்சு. வேற மாதிரி யோசிக்கிறேன். சரி, தலை எந்த அளவுல இருக்கு?

சலூன்காரர்: வாட்ச் கைப் பக்கம் முடிஞ்சுது சார். நல்லா வந்திருக்கு. இன்னும் ஒரு பக்கம்தான்.

டெய்லரம்மா: சீப்பா, மெஷினா?

சலூன்காரர்: மெஷின். அக்கா, சீக்கிரம் முடிச்சுடலாம்... காதுக்கு மேல வச்சு, மேல் நோக்கி ஒரே இழுப்பு. இடது பக்கம்.

டெய்லரம்மா: இடது பக்கமா? சரி... இந்தா... ஒரே இழுப்பு...

ரிசப்ஷன்காரர்: என்னம்மா, திடீர்னு ஜில்லுன்னு காத்து வருது?

சலூன்காரர்: அக்கா! அக்கா, நிறுத்துங்க!

டெய்லரம்மா: ஏன்? என்னாச்சு?

சலூன்காரர்: எந்தப் பக்கம் போட்டீங்க?

டெய்லரம்மா: இடது பக்கம். நீங்க சொன்ன இடது பக்கம்.

சலூன்காரர்: அது வெட்டி முடிச்ச பக்கம்க்கா...

ரிசப்ஷன்காரர்: கண்ணாடி... அந்தக் கைக்கண்ணாடியை எடு. எடுன்னா எடு... ஐயோ. ஐயோ, ரோடு போட்ட மாதிரி இருக்கே!

டெய்லரம்மா: தம்பி, நீங்களேதானே சொன்னீங்க? இடது வலதுன்னு சொல்ல மாட்டேன், வாட்ச் கைன்னுதான் சொல்வேன்னு? வாய் ஓயாம சொல்லிட்டு, கடைசியில நீங்களே இடதுன்னா எப்படி? மூணு மணிக்கு அந்த ஜனங்க முன்னாடி இந்தத் தலையோடவா உக்காருவாரு? இதை விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு? வேணும்னே பண்ணினாக்கூட இவ்வளவு கச்சிதமா பாழாக்க முடியாது!

சலூன்காரர்: ...வேணும்னு பண்ணலைக்கா.

டெய்லரம்மா: ஐயோ, நான் கோவத்துல ஒரு பேச்சுக்கு...

சலூன்காரர்: வேணும்னு பண்ணலை. சத்தியமா வேணும்னு பண்ணலைக்கா. மனசு வேற எங்கயோ போயிடுச்சு. வாய் பழைய பழக்கத்துல சொல்லிடுச்சு.

ரிசப்ஷன்காரர்: தலைவரே, தலைவரே... விடுங்க. எதுக்குக் குரல் நடுங்குது? முடிதானே, தலையா போச்சு?

சலூன்காரர்: இல்ல சார். உங்க வேலை இதுல இருக்கு.

ரிசப்ஷன்காரர்: அப்போ சரி பண்ணுங்க. உங்களால முடியும்.

சலூன்காரர்: ...சரி சார். பண்றேன். அக்கா, என் மேல கோவம் இருக்கட்டும், அப்புறம் திட்டுங்க. இப்போ நான் சொல்றதைக் கேளுங்க. மெஷின்ல ஒரு சக்கரம் இருக்கும், நம்பர் போட்டு. அதைப் பெருசுல வைங்க.

டெய்லரம்மா: வச்சுட்டேன்.

சலூன்காரர்: ரெண்டு பக்கத்தையும் இறக்கிடப் போறோம். பட்டாளத்துக்காரங்க வெட்டிக்கிற மாதிரி. வெறும் கைப் பக்கம். அக்கா, சாரோட வெறும் கையைத் தொட்டுக் காட்டுங்க எனக்கு.

டெய்லரம்மா: இந்தக் கை.

சலூன்காரர்: சரி. அந்தப் பக்கம் காதுலேருந்து மெதுவா மேல... மேல... நெத்தி ஓரத்துல நிறுத்துங்க. அடுத்த வரி. நல்லா மூச்சு விடுங்க. தையல் மெஷினை மிதிக்கிறப்போ ஒரே சீரா மிதிப்பீங்கல்ல? அந்தச் சீரு.

டெய்லரம்மா: ...வருது தம்பி. சமமா வருது.

சலூன்காரர்: பிடரியிலயும் அப்படியே. அந்த மாடிப்படியும் இதோட ஒழிஞ்சுது. இப்போ வாட்ச் கைப் பக்கம். ரோடு போட்ட இடத்தை விட்டுட்டு சுத்தி இறக்குங்க. உச்சியில இருக்குற முடியை அந்தப் பக்கம் சாய்ச்சு வாருங்க. வகிடு வேண்டாம். கொஞ்சம் தண்ணி தொட்டு... ஆங். தள்ளி நில்லுங்க, நான் பாக்குறேன். சார், நேரா பாருங்க... கொஞ்சமா சிரிங்க...

ரிசப்ஷன்காரர்: எப்படி?

சலூன்காரர்: அக்கா, நீங்க சொல்லுங்க.

டெய்லரம்மா: ...பொண்ணு பாக்க வந்தப்போகூட இவ்வளவு நல்லா இல்ல.

ரிசப்ஷன்காரர்: அப்போ என்னைப் பிடிக்காமயா கட்டிக்கிட்டே?

டெய்லரம்மா: அன்னைக்குச் சட்டையைப் பாத்துக் கட்டிக்கிட்டேன். தையல் நல்லா இருந்துச்சு.

சலூன்காரர்: போயிட்டு வாங்க சார். நல்லாப் பேசுங்க. உங்களுக்குத்தான் கிடைக்கும். கிடைக்கணும்.

*

ரிசப்ஷன்காரர்: தலைவரே, கேக்குதா? இன்டர்வியூ முடிஞ்சுது.

சலூன்காரர்: கேக்குது சார். எப்படிப் போச்சு?

ரிசப்ஷன்காரர்: வீடியோ போடுங்களேன்.

சலூன்காரர்: சிக்னல் இல்ல சார். பேசினா போதும். சொல்லுங்க.

ரிசப்ஷன்காரர்: நல்லாவே போச்சு. கேள்வி கேட்டவங்க ஒரு அம்மா. பெரிய டாக்டராம். தலைமுடி உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்கா இருக்குன்னு கேட்டாங்க. நடந்ததைச் சொன்னேன். ரோடு போட்டது, மாடிப்படி எல்லாத்தையும். அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சு ரொம்ப நாளாச்சுன்னாங்க.

சலூன்காரர்: அப்போ கிடைச்சுடுச்சு சார். சிரிக்க வச்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

டெய்லரம்மா: எங்க தம்பி கிடைக்குறது? இவரைக் கேளுங்க, என்ன கூத்து பண்ணிட்டு வந்திருக்காருன்னு!

சலூன்காரர்: என்ன சார் பண்ணினீங்க?

ரிசப்ஷன்காரர்: ஒண்ணும் பண்ணலை. எனக்கு அடுத்து மூணரைக்கு இன்னொரு ஆளு வரணும். அவரு வந்ததும் உங்களை விடறேன், அது வரைக்கும் லைன்லயே இருங்கன்னாங்க அந்தம்மா. இருந்தேன். அந்த ஆளு வரலை.

சலூன்காரர்: ...வரலைன்னா விட்டுட வேண்டியதுதானே சார்.

டெய்லரம்மா: அப்படிப் போடுங்க! வராதவனை விட்டுட்டு வந்தவனுக்குக் கொடுப்பாங்களா, மாட்டாங்களா? காதுல ஒயரை மாட்டிக்கிட்டுப் பேசினாரு, அந்தம்மா சொன்னது எனக்குக் கேக்கலை. இவரு சொன்னது கதவுக்குப் பின்னாடி நல்லாக் கேட்டுச்சு. "மேடம், அவசரப்படாதீங்க, அவருக்காகக் கொஞ்சம் காத்திருங்க"ன்னு சொல்றாரு தம்பி! தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குற ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களா?

சலூன்காரர்: எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க?

ரிசப்ஷன்காரர்: பழக்கம் தலைவரே. ஓட்டல்ல ரூம் சொல்லி வச்சவங்க நேரத்துக்கு வரலைன்னா உடனே வேற ஆளுக்குக் கொடுத்துட மாட்டோம். ரூம்ல விளக்கைப் போட்டு வைப்போம். ஒரு போன் பண்ணிக் கேப்போம். பஸ்ஸை விட்டிருப்பாங்க, வழி தெரியாம எங்கயாவது நின்னுக்கிட்டு இருப்பாங்க. வாசல்ல வந்தவங்களை மட்டும் கவனிச்சா அது பாதி ரிசப்ஷன்தான்.

டெய்லரம்மா: பாடம் நடத்துறதைப் பாருங்க. யாருங்க அந்த ஆளு? பேரு சொன்னாங்களா?

ரிசப்ஷன்காரர்: சொன்னாங்க. மறந்துட்டேன்.

டெய்லரம்மா: யாரு, நீங்களா? எப்பவோ ஒரு ராத்திரி தங்கிட்டுப் போனவனை ரோட்டுல பாத்தாக்கூட பேரைச் சொல்லிக் கூப்பிடுவீங்களே, நீங்களா மறந்தீங்க?

ரிசப்ஷன்காரர்: ...மறந்துட்டேன்.

சலூன்காரர்: சார். அந்த ஆளு ஏன் வரலைன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?

ரிசப்ஷன்காரர்: யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?

சலூன்காரர்: அவனுக்கு ஏதாவது காரணம் இருக்கும் சார். வேலை வேண்டாம்னு இல்ல. வேணும். ரொம்ப வேணும். கடை... அதாவது, வேற வழி எல்லாம் அடைஞ்சு போயிருக்கும். ஆனா எதிர்ல நிக்குற ஆளுக்கு அவன் கையால ஒரு கெடுதல் நடந்திருந்தா?

ரிசப்ஷன்காரர்: வேணும்னு பண்ணின கெடுதலா?

சலூன்காரர்: இல்ல சார். தவறி நடந்ததுதான். ஆனா நடந்துடுச்சு. அதுக்கப்புறம் அவன் போய் அந்த வேலைக்கு உக்காந்தான்னு வைங்க... தவறி நடந்ததுன்னு யாரு நம்புவா? மத்தவங்களை விடுங்க, அவனுக்கே நம்பிக்கை வராது. யாரு எதிராளின்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தானே வாய் தவறுச்சு? முன்னாடி தவறலையே? படுத்தா தூக்கம் வருமா சார்?

டெய்லரம்மா: என்ன தம்பி, கூடவே இருந்து பாத்த மாதிரி சொல்றீங்க? யாரு வாய், என்ன தவறு... தம்பி? ஏங்க... இவரு என்ன சொல்றாரு? ஏங்க?

ரிசப்ஷன்காரர்: நீ கொஞ்சம் இரும்மா.

டெய்லரம்மா: ...ஐயோ.

ரிசப்ஷன்காரர்: தலைவரே, அந்த ஆளுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. சொல்லவா?

சலூன்காரர்: சொல்லுங்க சார்.

ரிசப்ஷன்காரர்: வேணும்னு கெடுத்தவன் கெடுத்ததும் போனை வச்சுட்டுப் போயிருப்பான். சிக்னல் இல்லன்னு சொன்னா முடிஞ்சுது. யாரு கேக்கப் போறா? இந்த ஆளு போகலையே. குரல் நடுங்க நடுங்க அங்கயே இருந்து, ஒவ்வொரு வரியாச் சொல்லிக் கொடுத்து, சரி பண்ணிட்டுத்தான் வச்சாரு. சரி பண்ணினா தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் பண்ணினாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் அவருக்கு?

சலூன்காரர்: ...ஒரே இடம் சார்.

ரிசப்ஷன்காரர்: தெரியும்.

சலூன்காரர்: அந்த ஆளு வந்தா உங்களுக்கு இல்லாமப் போனாலும் போயிடும்.

ரிசப்ஷன்காரர்: போனாலும் போகும். பயமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லலை. ஆனா அவரு ஒதுங்கிக்கிட்டதால கிடைச்ச வேலையில நான் எப்படி நிக்குறது? வாசல்ல வர்ற ஒவ்வொருத்தரையும் வாங்க வாங்கன்னு கூப்பிடணும். இவரை மட்டும் வெளியவே நிறுத்திட்டு வந்துட்டோமேன்னு உறுத்திக்கிட்டே இருக்காதா?

சலூன்காரர்: அக்கா என்ன சொல்றாங்க சார்?

ரிசப்ஷன்காரர்: அவ அழுறா.

டெய்லரம்மா: நான் ஒண்ணும் அழலை! தம்பி, உள்ளதைச் சொல்றேன், கேட்டுக்கங்க. அந்த ஆளு வரவே கூடாதுன்னு இவ்வளவு நேரம் வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன். யாருன்னு தெரியாம என்னென்னவோ சொல்லித் தொலைச்சேன். இப்பவும் இந்த வேலை இவருக்கே கிடைக்கணும்னுதான் மனசு அடிச்சுக்குது, பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக என் வீட்டு அடுப்பு எரிய இன்னொரு வீட்டு அடுப்பை அணைச்சுட்டு உக்காருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அந்த ஆளை வரச் சொல்லுங்க. நேரா உக்காந்து பேசட்டும். யாருக்குக் கிடைச்சாலும் சரி, மத்தவங்க வீட்டுல ஒரு வேளை சோறு உண்டு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.

சலூன்காரர்: அக்கா...

டெய்லரம்மா: அப்புறம், அந்தக் கழுத்துப் பதிலை மறக்காம சொல்லச் சொல்லுங்க. நல்ல பதிலு அது.

ரிசப்ஷன்காரர்: தலைவரே, அந்தம்மா நாலரை வரைக்கும் லைனைத் திறந்து வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. இப்பவே நாலே கால் ஆயிடுச்சு. அந்த ஆளு மூஞ்சியைக் கழுவி, ஒரு நல்ல சட்டையா பாத்து மாத்திக்கிட்டு உக்காரவே நேரம் சரியா இருக்கும். சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்க.

சலூன்காரர்: ...மாத்த வேண்டியதில்ல சார். மூணு மணியிலேருந்து இஸ்திரி போட்ட சட்டையோடதான் உக்காந்திருக்கேன்.